உங்கள் பகுதி நீர்நிலைக்கு ஒரு தன்னார்வக் குழு: அளப்பதிலிருந்து மனு கொடுப்பது வரை முழுமையான வழிகாட்டி

ஓடையில் நுரை வருகிறது. ஏரியில் மீன் செத்து மிதக்கிறது. அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் பேசுகிறார்கள், ஆனாலும் ஒன்றும் நடப்பதில்லை. மக்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குக் காரணம் சொல்லிவிடுவது எளிது. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. "நாற்றம் தாங்கவில்லை" என்ற புகாரை ஓர் அலுவலகம் ஒரே வரியில் முடித்துவிடலாம். "இந்தக் குழாய்க்கு மேலே தண்ணீரில் இவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது, கீழே பாதிகூட இல்லை, ஆறு மாதமாக ஒவ்வொரு வாரமும் அளந்த கணக்கு இது" என்று ஒரு தாளை நீட்டினால் அப்படி முடித்துவிட முடியாது.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு நம்பிக்கையில்தான் நிற்கிறது. சூழல் கல்வி ஒரு பக்கம், கோரிக்கை இன்னொரு பக்கம் என்று பிரிக்கத் தேவையில்லை. மக்கள் தாங்களே அளந்து பார்ப்பது கல்வி. அந்த அளவே பிறகு கோரிக்கைக்குச் சான்று. யுனெஸ்கோவும் ஐநா சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து 1977 அக்டோபரில் திபிலிசியில் நடத்திய மாநாடு சூழல் கல்விக்கு ஐந்து இலக்குகளை வகுத்தது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு. இன்றும் பெரும்பாலான நிகழ்ச்சிகள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. பதாகை பிடித்து ஊர்வலம் போன பிள்ளைக்கு மாசு கெட்டது என்று தெரியும். அதைப் பற்றி யாரிடம், எதைக் கேட்பது என்று தெரியாது. கடைசி இரண்டு இலக்குகளும் அங்கேதான் விடுபட்டுப் போகின்றன.

கீழே ஓடையை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். காற்று, குப்பை, மரங்கள் என்று எதை எடுத்தாலும் வரிசை இதுவே.

படி 1: ஓர் இடம், ஒரு கேள்வி

"சுற்றுச்சூழலைக் காப்போம்" என்று தொடங்கும் குழு எதையும் காப்பதற்குள் களைத்துவிடும். நடந்து போய்ச் சேரக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆற்றின் முழு நீளம் வேண்டாம். ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலம் வரை போதும். பிறகு ஒரு கேள்வி எழுதுங்கள். "இந்த ஓடை ஏன் கெட்டது?" என்பது அளக்க முடியாத கேள்வி. "மழைநீர் வடிகால் வந்து சேரும் இடத்துக்கு மேலும் கீழும் நீரின் தரம் வேறுபடுகிறதா?" என்பதற்கு விடை கிடைக்கும்.

முதல் இரண்டு மூன்று வாரங்கள் வெறுமனே நடந்து பாருங்கள். எங்கே குழாய் வந்து விழுகிறது, எங்கே கரை இடிந்திருக்கிறது, யார் இங்கே துணி துவைக்கிறார்கள், யார் மீன் பிடிக்கிறார்கள், எந்த நேரத்தில் நிறம் மாறுகிறது என்பதையெல்லாம் கையால் வரைந்த ஒரு படத்தில் குறியுங்கள். நீண்ட நாள் அங்கே வாழும் முதியவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டிக் கேளுங்கள். பழைய வாய்க்கால் எங்கே போனது, எந்தக் கிணறு எப்போது கெட்டது என்பதெல்லாம் எந்த அலுவலகக் கோப்பிலும் இருக்காது. அவர்கள் சொல்வதையும் அதே படத்தில் குறியுங்கள்.

படி 2: ஆட்கள்

ஐந்து முதல் எட்டுப் பேர் நிலையாக இருந்தால் போதும். நூறு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவை முதலிலேயே தொடங்காதீர்கள். செய்தி அனுப்புவதே வேலை என்று ஆகிவிடும். ஒருவர் பதிவேட்டுக்குப் பொறுப்பு, ஒருவர் கருவிகளுக்கு, ஒருவர் கடிதங்களுக்கு, ஒருவர் புதிதாக வருபவர்களுக்கு. பொறுப்பை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள்.

குழுவில் யார் இல்லை என்று பார்ப்பது இன்னும் முக்கியம். தண்ணீருக்கு மிக அருகில் வாழ்பவர்கள், அதை நம்பிப் பிழைப்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், உங்கள் கோரிக்கை நிறைவேறினால் வேலை இழக்கக்கூடியவர்கள் ஆகியோரைத் தொடக்கத்திலேயே அழையுங்கள். கரையோரக் குடிசைகள்தான் மாசுக்குக் காரணம் என்று எளிதாகக் கைகாட்டிவிட்டு, மேலே இருக்கும் பெரிய குழாயைக் கவனிக்காமல் போன குழுக்கள் உண்டு. ஏழைகளை அப்புறப்படுத்துவதில் முடியும் சூழல் வேலை எனக்கு வெற்றியாகத் தெரிவதில்லை. அந்த மக்கள் குழுவுக்குள் இருந்தால் அப்படி நடக்கவும் விடமாட்டார்கள்.

படி 3: அளப்பது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

குறைந்தது இரண்டு இடங்களில் அளவெடுங்கள்: சந்தேகப்படும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே எடுத்த அளவு இல்லாவிட்டால் கீழே எடுத்ததற்கு மதிப்பில்லை. "ஓடையே முழுக்க அப்படித்தான்" என்ற பதில் தயாராக வரும்.

எளிய கருவிகளோடு தொடங்கலாம். வெப்பமானி ஒன்று. நீரின் தெளிவை அறிய செக்கித் தட்டு: 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள, கறுப்பும் வெள்ளையும் நான்கு கட்டங்களாக மாறி மாறித் தீட்டிய வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பதுதான் முறை. ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய வானியலாளர் 1865இல் மத்தியதரைக் கடலில் ஒரு தட்டை இறக்கிப் பார்த்ததிலிருந்து வந்த முறை இது; இன்றும் ஏரி ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். வீட்டிலேயே செய்துவிடலாம். ஆழமில்லாத ஓடைக்கு, அடியில் அதே குறியிட்ட ஒளிபுகும் நீண்ட குழாய் பொருந்தும். அமில காரத்தன்மைக்குப் பிஎச் தாள் அல்லது சிறு மீட்டர். நன்னீரில் பொதுவாக 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும்.

கரைந்த ஆக்சிஜன்தான் ஓடையின் உயிர்நாடி. அதை அளக்கும் சோதனைப் பெட்டிகள் கிடைக்கின்றன. 20 டிகிரி செல்சியஸில் சுத்தமான நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். ஆகவே வெப்பநிலையைக் குறிக்காத ஆக்சிஜன் கணக்கு அரைக் கணக்கு. 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் தவிக்கத் தொடங்கும். 2க்குக் கீழே பெரும்பாலானவை பிழைக்காது.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. பாசி மண்டிய குளத்தில் நண்பகலில் அளந்தால் ஆக்சிஜன் அதிகமாகவே காட்டும், ஏனென்றால் பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவு முழுவதும் அதே பாசி ஆக்சிஜனை உறிஞ்சுகிறது. பொழுது விடிவதற்குச் சற்று முன்னால்தான் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். மீன்கள் விடியற்காலையில் செத்து மிதப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அலுவலக நேரத்தில் மாதிரி எடுத்துப் போகும் ஆய்வாளர் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போகலாம், அவர் பொய் சொல்லவும் இல்லை. மாதம் ஒருமுறையாவது விடியுமுன் போய் அளந்து, அதே நாள் நண்பகலிலும் அளந்து இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். அங்கேயே வாழும் தன்னார்வலருக்கு வல்லுநரைவிடக் கூடுதலாக இருக்கும் பலம் இதுதான்: வேண்டிய நேரத்தில் அவர் அங்கே இருக்க முடியும்.

வேதிச் சோதனை அந்தக் கணத்தை மட்டுமே காட்டும். நேற்றிரவு யாரோ கழிவைத் திறந்துவிட்டு, இன்று காலை நீர் தெளிந்துவிட்டால் சோதனைக் குழாயில் எதுவும் தெரியாது. ஆனால் ஓடையின் அடியில் கல்லுக்குக் கீழே வாழும் சிறு உயிர்கள் மாதக்கணக்கில் அங்கேயே இருப்பவை. ஸ்டோன்ஃப்ளை, மேஃப்ளை, கேடிஸ்ஃப்ளை பூச்சிகளின் இளம்புழுக்கள் மாசைத் தாங்காதவை. கொசு போன்ற கைரோனமிட் ஈக்களின் சிவப்புப் புழுக்களும் டியூபிஃபெக்ஸ் புழுக்களும் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் வாழும். முன்னவை மறைந்து பின்னவை மட்டும் பெருகியிருந்தால் நீண்ட நாளாகவே நீர் கெட்டிருக்கிறது என்று அறியலாம். ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, ஓர் உருப்பெருக்கி போதும். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. எடுத்த உயிர்களை எண்ணியதும் அதே இடத்தில் விட்டுவிட வேண்டும்.

கிருமிச் சோதனை ஆய்வகத்தில்தான் நடக்க வேண்டும். ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய புட்டியில் மாதிரி எடுத்து, பனிக்கட்டியோடு குளிர்ச்சியாக, முடிந்தவரை 6 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். எப்படியானாலும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் ஒரு சீட்டு, உங்கள் சொந்த அளவுகள் அனைத்துக்கும் எடை கூட்டும்.

பதிவேட்டில் தேதி, நேரம், இடம், வானிலை, கடைசியாக மழை பெய்த நாள், அளந்தவர் பெயர், கருவி என எதையும் விடாதீர்கள். ஒரே மாதிரியை இருவர் தனித்தனியாக அளந்து ஒப்பிடுங்கள். நீர் நன்றாக இருந்த நாள்களையும் எழுதுங்கள்; கெட்ட நாள்களை மட்டும் பொறுக்கிய பதிவேட்டை எதிர்த்தரப்பு ஐந்தே நிமிடத்தில் கிழித்துப்போடும். புகைப்படங்களை ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் எடுங்கள்.

பாதுகாப்பு: தனியாகப் போகக் கூடாது. மழை வெள்ளத்தின்போதும் அதற்கு மறுநாளும் நீரில் இறங்கக் கூடாது. கையுறை, காலணி கட்டாயம். காயம் இருந்தால் அன்று கரையில் நின்று எழுதும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியாகத்தான் எளிதில் நுழைகிறது.

படி 4: கற்றுத்தருவது

உரையாற்றுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர் கையில் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு கருவி இருக்க வேண்டும். அவர் அளந்த எண்ணை அவரே பதிவேட்டில் எழுத வேண்டும். பிறகு கேளுங்கள்: "மேலே எடுத்ததற்கும் இதற்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு?" விடையை உடனே சொல்லாமல் காத்திருங்கள். தவறான ஊகங்கள் வரட்டும். எந்த ஊகத்தை எப்படிச் சோதிக்கலாம் என்று அவர்களையே யோசிக்கவிட்டால், அடுத்த வாரம் அவர்களாகவே திரும்பி வருவார்கள்.

தூய்மைப் பணி முகாம்களையும் இப்படியே நடத்தலாம். பை பையாகக் குப்பையை அள்ளிப் படம் எடுத்துக்கொண்டு கலைந்தால் அடுத்த மழைக்குள் அதே குப்பை திரும்பிவிடும். அள்ளியதைத் தரம் பிரித்து எண்ணுங்கள்: எத்தனை புட்டி, எத்தனை உறை, எந்தக் கடையின் பை, எந்த நிறுவனத்தின் பெயர். அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரையில் 1986இல் தொடங்கி இன்று உலகெங்கும் நடக்கும் பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மைப் பணி, முதல் நாளிலிருந்தே அள்ளியதை எழுதிவைத்தது. அதனால்தான் அது வெறும் துப்புரவாக முடிந்துவிடவில்லை. எண்ணிக்கை கையில் இருந்தால் உற்பத்தி செய்பவரிடமும் விற்பவரிடமும் குப்பை அள்ளும் பொறுப்புள்ள அமைப்பிடமும் தனித்தனியே கேட்க வேண்டியது என்ன என்று தெரியும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உலகம் அழியப்போகிறது என்று அவர்களை அச்சுறுத்தி வேலை வாங்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு உலக வெப்பமாதல் பெருஞ்சுமை. தன் ஓடையில் எத்தனை வகைத் தும்பி இருக்கிறது என்பது அவளால் ஆளக்கூடிய செய்தி. பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். குழந்தைகளின் முகம் தெரியும் படங்களை இடத்தோடு சேர்த்து இணையத்தில் போடாதீர்கள். போராட்டக் கூட்டங்களில் அவர்களை முன்வரிசையில் நிறுத்தவும் வேண்டாம்.

படி 5: ஆவணங்களைத் தேடுவது

உங்கள் அளவு பாதிச் சான்று. மீதிப் பாதி அரசு அலுவலகத்தில் இருக்கிறது: யாருக்கு எவ்வளவு கழிவு வெளியேற்ற அனுமதி, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, என்ன கண்டார்கள். ஸ்வீடன் 1766லேயே அரசு ஆவணங்களைக் காணும் உரிமையைச் சட்டமாக்கியது. இன்று மிகப் பல நாடுகளில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஐரோப்பாவில் 1998இல் கையெழுத்தான ஆர்ஹஸ் உடன்படிக்கையும், லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகளுக்காக 2018இல் உருவான எஸ்காசு உடன்படிக்கையும் சூழல் தொடர்பாக மூன்று உரிமைகளை உறுதி செய்கின்றன: தகவல் பெறுவது, முடிவெடுப்பதில் பங்கேற்பது, நீதி கேட்பது. உங்கள் நாட்டின் சட்டம் எதுவென்று பார்த்து, அதில் பதிலுக்கான காலக்கெடுவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மனு எழுதும்போது கருத்தைக் கேட்காமல் ஆவணத்தைக் கேளுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்றால் மழுப்பலான பதில் வரும். "இன்ன இடத்து வெளியேற்றக் குழாய்க்கு வழங்கிய அனுமதியின் நகல், கடந்த 12 மாதங்களின் ஆய்வு அறிக்கைகளின் நகல்" என்றால் தர வேண்டும், அல்லது அப்படி எதுவும் இல்லை என்று எழுதித் தர வேண்டும். ஆய்வே நடக்கவில்லை என்ற பதில் சில நேரம் அறிக்கையைவிடப் பெரிய சான்றாகிவிடும்.

புதிய திட்டம் வருகிறது என்றால் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் தேடுங்கள். அமெரிக்காவில் 1970இல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாடு இப்போது பெரும்பாலான நாடுகளில் உண்டு. கருத்துச் சொல்லத் தரும் அவகாசம் குறைவு. அதனால் அறிவிப்புகளை ஒருவர் தொடர்ந்து கவனிக்க வேண்டும். தடித்த அறிக்கையைக் கண்டு மலைக்காதீர்கள். முதலில் கள ஆய்வு எந்த மாதங்களில் நடந்தது என்று பாருங்கள்: வலசைப் பறவைகள் வராத பருவத்தில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு "முக்கியப் பறவைகள் இல்லை" என்று எழுதியிருக்கலாம். வெள்ளக் காலத்தில் நீர் எதுவரை ஏறும் என்பது இருக்கிறதா? மாற்று இடங்களை உண்மையிலேயே பரிசீலித்தார்களா? ஏற்கெனவே இருக்கும் ஆலைகளோடு சேர்த்து மொத்தச் சுமையைக் கணக்கிட்டார்களா? உங்கள் பதிவேடு ஓராண்டுக்கு மேல் ஓடியிருந்தால் அந்த அறிக்கையைவிட உங்களிடம் கூடுதல் தகவல் இருக்கக்கூடும்.

படி 6: வரைபடமாக்குவது

பட்டியலாக இருக்கும்போது கண்ணில் படாதது வரைபடத்தில் தெரியும். அமெரிக்காவின் லவ் கெனால் குடியிருப்பில், புதைத்த வேதிக் கழிவின் மேலும் அருகிலும் வீடுகள் இருந்தன. அங்கே 1978இல் லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசி அண்டை வீடுகளின் நோய்களைக் கேட்டறிந்து வரைபடத்தில் குறித்தார். மண்ணால் மூடப்பட்ட பழைய நீர்த்தடங்களின் ஓரமாக நோய்கள் குவிந்திருப்பது அதில் தெரிந்தது. அதிகாரிகள் முதலில் அதை இல்லத்தரசிகளின் கணக்கு என்று ஒதுக்கினார்கள். அவர் பெவர்லி பைகன் என்ற அறிவியலாளரின் துணையோடு விடாமல் நின்றார். குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன, நச்சுக் கழிவிடங்களைத் தூய்மைப்படுத்தும் சட்டம் 1980இல் அமெரிக்காவில் வந்தது. முதியவர்கள் சொன்ன பழைய வாய்க்கால்களையும் உங்கள் படத்தில் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். பக்கத்துக் கல்லூரியில் ஓர் ஆய்வாளரைத் தேடிப் பிடித்து உங்கள் முறையைச் சரிபார்க்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

படி 7: கோரிக்கை வைப்பது

யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்று முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கரை ஒரு துறைக்கும், நீர் இன்னொரு துறைக்கும், குப்பை உள்ளாட்சிக்கும் உரியதாக இருக்கலாம். தவறான மேசையில் கொடுத்த மனு மாதக்கணக்கில் உறங்கும்.

மனு ஒரே பக்கம். முதல் பத்தியில் கோரிக்கை, இரண்டாவதில் அளவு, மூன்றாவதில் யார் பாதிக்கப்படுகிறார்கள், கடைசியில் எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். வரைபடமும் அட்டவணையும் இணைப்பாகப் போகட்டும். கோரிக்கையைப் படிப்படியாக அமையுங்கள்: உடனே செய்யக்கூடிய சிறிய ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று, நீண்ட காலத்துக்கு ஒன்று. சிறியதை மறுக்க அவர்களுக்குக் காரணம் இருக்காது, அது நிறைவேறினால் குழுவுக்கும் தெம்பு வரும்.

பொது விசாரணையில் பேச மூன்று நிமிடம் கிடைத்தால் பாதிக்கப்பட்டவர் முதலில் பேசட்டும், எண்களை அடுத்தவர் சொல்லட்டும். ஒரே கருத்தைப் பத்துப் பேர் திரும்பச் சொல்ல வேண்டாம். எந்த அதிகாரியோடு பேசினாலும் மறுநாளே "நேற்றுப் பேசியதில் நாங்கள் புரிந்துகொண்டது இது" என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள். வாய்வாக்கு அவர் இடமாற்றத்தோடு போய்விடும்.

ஊடகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வதே என் வழக்கம். பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுத்து, அது கிடைக்காதபோது போனால் செய்தியாளரிடம் கொடுக்க ஒரு முழுக் கோப்பு இருக்கும். உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும் இந்த வரிசை பொருந்தாது. குடிநீரில் நஞ்சு என்று தெரிந்த அன்றே எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும்.

படி 8: எதிர்ப்பு வரும்போது

வரும். அளந்ததைச் சொல்லுங்கள், அளக்காததைச் சொல்லாதீர்கள். "இந்த ஆலை நஞ்சைக் கலக்கிறது" என்பது குற்றச்சாட்டு. "இந்த ஆலையின் குழாய்க்கு 20 மீட்டர் கீழே, இந்தத் தேதியில், இந்த அளவு பதிவானது" என்பது தகவல். முன்னது உங்களை நீதிமன்றத்துக்கு இழுக்கக் காரணமாகலாம். வாயடைப்பதற்காகவே தொடுக்கப்படும் வழக்குகளை எதிர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒரு நெறிமுறையே கொண்டுவந்தது. அந்த அளவுக்கு இது பரவலான தொல்லை. தனியார் நிலத்துக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள். மிரட்டல் வந்தால் மறைக்காமல் எழுதிவைத்து, குழுவுக்கும் ஒரு வழக்குரைஞருக்கும் உடனே தெரிவியுங்கள். மனுவில் எப்போதும் பலர் கையெழுத்திடட்டும். ஒரே ஒருவர் முகமாக நிற்கும் குழுவில் அந்த ஒருவரைக் குறிவைப்பது எளிது.

யாரை அளக்கிறீர்களோ அவரிடம் பணமோ டி-ஷர்ட்டோ வாங்காதீர்கள்.

படி 9: சரியான பிறகும்

குழாய் அடைக்கப்பட்டது, நீர் தெளிந்தது. பெரும்பாலான குழுக்கள் இங்கே கலைந்துவிடுகின்றன. நான் கேட்டுக்கொள்வது அளப்பதை நிறுத்த வேண்டாம் என்பதே. வாரம் ஒருமுறை வேண்டாம், மாதம் ஒருமுறை போதும். நல்ல நிலையில் நீர் எப்படி இருந்தது என்ற கணக்கு இருந்தால்தான் அடுத்த முறை கெடத் தொடங்கும்போது முதல் மாதத்திலேயே கண்டுபிடிக்கலாம். வட அமெரிக்காவில் 1900 கிறிஸ்துமஸ் நாளில் 27 பேர் பறவைகளை எண்ணத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் தொடரும் அந்த எண்ணிக்கையால்தான் எந்தப் பறவை எங்கே குறைகிறது என்று இன்று சொல்ல முடிகிறது.

பதிவேட்டை இரண்டு படிகளாக வையுங்கள். ஒன்று பொது நூலகத்திலோ பள்ளியிலோ இருக்கட்டும். பொறுப்பு கைமாறும்போது புதியவர் பழையவரோடு குறைந்தது மூன்று மாதம் சேர்ந்து அளக்கட்டும், விடியற்காலை முறை உட்பட. அளக்கும் இடங்களைக் கரையில் வண்ணம் தீட்டிய கல்லால் குறித்து, அதன் படத்தைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பத்து ஆண்டு கழித்து வருபவரும் நீங்கள் நின்ற அதே இடத்தில் நின்று அளந்தால்தான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும்.